தொட்டியில் முளைத்த ஆப்பிள்



அண்மையில் வந்த மடல்களுள் ஆப்பிளைப் பற்றியவை சற்றே மிகுதி. கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி இவ்வாறு வினவியுள்ளார்: “நோயுற்றிருந்த மாமியாருக்காக வாங்கிய காஷ்மீர் ஆப்பிளின் விதையை என் மகள் தொட்டியில் ஊன்றினாள். இப்போது ஒரு சாண் உயரம் வளர்ந்திருக்கிறது. எப்போது காய்க்கும் என்று நாள்தோறும் கேட்கிறாள். நான் என்ன சொல்வது?”

சகோதரியே, உண்மையையே சொல்லிவிடுங்கள். அச்செடி உங்கள் ஊரில் காய்ப்பது அரிது. அப்படியே காய்த்தாலும் நீங்கள் உண்ட பழம் அதில் காய்க்காது.

ஆப்பிள் மலர் பெரும்பாலும் தன் இனத்து மகரந்தத்தை ஏற்பதில்லை. வேறோர் இனத்து மரத்தின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவர வேண்டும். எனவே ஒவ்வொரு விதையும் இரு மரங்களின் பிள்ளை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே முகமாய் இருப்பதில்லையே! ஒரே பழத்தின் ஐந்து விதைகளும் ஐந்து விதமான மரங்களாகும். பெரும்பாலானவை சிறுத்துப் புளிக்கும் கனிகளையே தரும். இதனால்தான் தோட்டக்காரர்கள் விதையை நாடாமல், நல்ல மரத்தின் குச்சியை வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி வளர்க்கிறார்கள்.

சந்தையில் நாம் காணும் சிவந்த டெலிசியஸ் ஆப்பிளின் வரலாறு இதற்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹயாட் என்ற விவசாயியின் தோட்டத்தில் அது தானாக முளைத்தது. வரிசைக்கு வெளியே நின்றதால் அவர் அதை வெட்டினார், மீண்டும் துளிர்த்தது. மறுபடியும் வெட்டியும் துளிர்க்கவே, விட்டுவிட்டார் என்பர். அந்த ஒற்றை மரத்திலிருந்து குச்சி குச்சியாகப் பரவியதே அவ்வினம். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் அதனை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இமாசலப் பிரதேசத்துக் கோட்கட் பகுதியில் நட்டுப் பரப்பினார்.

இனி, குளிரின் கதை. ஆப்பிள் மரம் இலையுதிர்த்து உறங்கும் இயல்புடையது. அதன் மொட்டுகள் குளிர்ந்த நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டே உறங்குகின்றன எனலாம். டெலிசியஸ் போன்ற இனங்களுக்கு ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழ் 1,000 மணி நேரமாவது தேவை. அது நிறைவடையாவிடில் இலை ஒழுங்காகத் துளிர்க்காது. பூ சரிவர மலராது. காஷ்மீரத்திலும் இமாசலத்திலும் குளிர்காலம் வெதுவெதுப்பாகும்போது தோட்டக்காரர் கவலையுறுவது இதனாலேயே. நமது கொடைக்கானலில் அத்தனை கடுங்குளிர் இல்லை. ஆதலால் அங்கே பார்லின்ஸ் பியூட்டி போன்ற இனங்களை வளர்த்தனர். இந்தோனேசியாவின் மலாங் மலைப்பகுதியிலோ வேறோர் உத்தி: பழம் பறித்தபின் இலைகளையெல்லாம் கையால் உருவிவிடுகிறார்கள். உறக்கத்தில் ஆழுமுன்பே மரம் மீண்டும் பூக்கிறது. நான் படித்தது கலைப்பாடமே; ஆயினும் இத்தகைய செய்திகள் என்னை எப்போதும் ஈர்க்கின்றன.

“சமவெளியிலும் காய்க்கும் ஆப்பிள் என்று கண்காட்சியில் கன்று விற்கிறார்களே, வாங்கலாமா?” என்பது மற்றொருவரின் வினா. அது முற்றிலும் பொய்யன்று. இசுரேலில் உருவான அன்னா, பகாமாசில் கண்டெடுத்த டார்செட் கோல்டன், இமாசலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா கண்டறிந்த எச்.ஆர்.எம்.என்-99 ஆகியவை குறைந்த குளிரே போதுமென்பவை. ஆனால், “காஷ்மீர் ஆப்பிள்” என்ற சீட்டை மட்டும் கட்டி விற்கும் கன்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இனத்தின் பெயரைக் கேளுங்கள்; ஒட்டுக்கட்டிய தழும்பு தண்டின் அடியில் தெரிகிறதா என்று பாருங்கள். அன்னாவை ஒற்றையாய் நட்டால் விளைச்சல் மிகக் குறையும். துணையாக டார்செட் கோல்டனையும் நட வேண்டும். வாசலில் இரண்டு மரங்களுக்கு இடமில்லாதவர் மாதுளையோ கொய்யாவோ நடுவதே மேல் என்பது என் கருத்து.

சமையலறை வினாக்களுக்கு வருவோம். தோலின் பளபளப்பு கண்டு அஞ்சுவோர் பலர். ஆப்பிளுக்கு இயல்பாகவே மெழுகுப் பூச்சு உண்டு. அது கழுவும்போது நீங்குவதால் வணிகர்கள் உண்ணத்தக்க மெழுகைப் பூசுவதும் உண்டு. வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவித் தோலோடு உண்பதே நலம். நார்ச்சத்து அதில் மிகுதி. நறுக்கியது பழுப்பது காற்றுப் பட்டதன் விளைவேயன்றிக் கெட்டதன் அடையாளமன்று. எலுமிச்சைச் சாறு சில துளிகள் போதும். கீரையோடு சேர்த்து வைக்காதீர்கள்: ஆப்பிளிலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு கீரையை விரைவில் மஞ்சளாக்கிவிடும்.

மிக முக்கியமானதொன்று. சாறு எடுக்கும் அவசரத்தில் முழுப் பழத்தையும் மிக்சியில் அரைப்போர் உளர். விதையை முதலில் நீக்குங்கள். அதிலுள்ள அமிக்டலின் என்னும் பொருள், விதை நசுங்கும்போது சயனைடு நஞ்சை உண்டாக்கும். ஓரிரு விதையை முழுதாக விழுங்கிவிட்ட பிள்ளைக்காகப் பதற வேண்டியதில்லை. விதையை அரைத்துக் கொடுப்பதுதான் கூடாது. பல் முளைத்துவரும் குழந்தையின் கையில் பச்சை ஆப்பிள் துண்டைக் கொடுக்கும் உம்மாமார்களுக்கும் ஒரு சொல்: கடினமான அத்துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும். ஆவியில் வேகவைத்து மசித்து ஊட்டுங்கள். சர்க்கரை சேர்க்க வேண்டியதில்லை.