கர்ப்பகாலக் கொலஸ்ட்ராலும் குடிக்காத குளுக்கோஸ் தண்ணியும்

போன வாரம் ஓபிக்கு ஏழு மாசக் கர்ப்பிணி ஒருத்தங்க மாமியாரோட வந்தாங்க. கையில ஒரு லேபோட "கர்ப்பகால பேக்கேஜ்" ரிப்போர்ட். மொத்தக் கொலஸ்ட்ரால் 262, ட்ரைகிளிசரைடு 238. ரெண்டுக்கும் பக்கத்துல சிவப்பு அம்புக்குறி.

அதைப் பார்த்துட்டு மூணு வாரமா முட்டை, பால், நிலக்கடலை எல்லாத்துக்கும் வீட்ல தடா. பதிலுக்கு காலையில அரிசிக் கஞ்சி, பதினோரு மணிக்கு சர்க்கரை போட்ட ஜூஸ், சாயங்காலம் ரஸ்க்.

"இப்ப கொழுப்பு குறைஞ்சிருக்குமா டாக்டர்?"

குறைஞ்சிருக்காதும்மா. குறைய வேண்டிய அவசியமும் இல்ல.

கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்தும். தாய் கொழுப்பை எரித்துக்கொண்டு, குளுக்கோஸைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு இது. அதனால்தான் ரத்தத்தில் கொழுப்பு ஏறுகிறது. கடைசி மூணு மாசத்துல ட்ரைகிளிசரைடு பழைய அளவைப் போல ரெண்டு மூணு மடங்கு ஆவது சகஜம். லேப் அச்சடிச்சிருக்கிற 200, 150 எல்லாம் கர்ப்பமா இல்லாதவங்களுக்கான அளவு.

பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய் இருக்கிறவங்க, முன்னாடி கணைய அழற்சி வந்தவங்க, ட்ரைகிளிசரைடு 1000 பக்கம் போறவங்க கதை வேற. அவங்களைக் கண்டிப்பா கவனிக்கணும்.

சரி, குளுக்கோஸ் தண்ணி குடிச்சு டெஸ்ட் எடுத்தீங்களான்னு கேட்டேன். "ஆறாம் மாசம் குடுத்தாங்க, உடனே வாந்தி வந்துடுச்சு. அப்புறம் போகல." மாமியார் குறுக்கிட்டு, "எங்க வம்சத்துல யாருக்கும் சுகர் இல்ல"ன்னாங்க.

இதுதான் என் ஆதங்கம். இன்சுலின் மட்டுப்படும்போது கணையம் கூடுதலா சுரந்து ஈடுகட்டணும். முடியலன்னா கர்ப்பகால சர்க்கரை நோய். பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும், பிறந்ததும் அதுக்கு சர்க்கரை தாழலாம்.

இதைக் கண்டுபிடிக்க 75 கிராம் குளுக்கோஸும் ரெண்டு மணி நேரமும் போதும். சென்னை டாக்டர் வி. சேஷய்யா வலியுறுத்திய முறையில் வெறும் வயிறு கூடத் தேவையில்ல. ரெண்டு மணி நேரம் கழிச்சு 140 அல்லது அதுக்கு மேலன்னா சர்க்கரை நோய். அரை மணிக்குள்ள வாந்தி எடுத்தா மறுநாள் திரும்பக் குடிக்கணும். இதை அன்னிக்கே அவங்களுக்கு யாரோ சொல்லியிருக்கணும். சொல்லாதது நம்ம தப்பு.

லேப்காரங்களுக்கு: எல்லா கர்ப்பிணிக்கும் லிப்பிட் ப்ரொஃபைல் எதுக்கு? பேக்கேஜ்ல இருந்து எடுத்துடுங்க. டாக்டர் கேட்டா மட்டும் பண்ணுங்க.

மறுநாள் டெஸ்ட் எடுத்தோம். 171. ஜூஸும் ரஸ்க்கும் நிறுத்தியாச்சு. முட்டை, பால், கடலை திரும்ப வந்தாச்சு. ரெண்டு வாரத்துல சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு 120க்குக் கீழ வரலன்னா மருந்து. பிரசவமாகி ஆறாவது வாரம் பிள்ளைக்கு ஊசி போட வரும்போது, அவங்களையும் வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்கேன். தேதியை மாமியார்கிட்டதான் எழுதிக் குடுத்திருக்கேன்.