தளிரும் வேரும்

சீமையத்தியை விதையிட்டு வளர்ப்பின் தாய்மரத்தின் குணம் பிறழும். ஆதலின் போத்து நடுதலே வழக்கு. எழுதுகோற் பருமனும் மூன்று நான்கு கணுக்களும் உடைய போத்தை, அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் குவளையில் ஈரமணலிட்டு நட்டு, நேர்வெயில் புகாத அறையில் வைப்பர். சில வாரங்களில் அது தளிர்க்கும். தளிர்த்ததும், "பிழைத்தது" என மகிழ்ந்து நாளும் நீர் வார்ப்பார் பலர்.

இம்மகிழ்ச்சிக்கு யாம் உடன்படோம். அத்தளிர், தண்டினுள் முன்னரே சேர்ந்திருந்த உணவால் எழுந்தது. வேரோ பலகாற் பின்னரே வரும். வேரில்லாப் போத்து மிகுநீரைப் பருகமாட்டாது. அந்நீர் மணலிடைக் காற்றை வெளியேற்ற, அடித்தண்டு கறுத்து அழுகும். வறட்சியால் மாய்வனவற்றினும் இங்ஙனம் மாய்வனவே மிகுதி என்பது எம் கருத்து. வேர் வந்ததோ எனப் பிடுங்கிப் பார்ப்பாரை என்னென்பது! தெளிந்த குவளையாயின் வேர் தானே புலப்படுமே.

பூசணம் வெண்மையாய்ப் படரின், துடைத்துக் காற்றுப்பட வைக்க. அடி அழுகின், பசிய பகுதி காணுமளவும் அரிந்து புதுமணலில் மீண்டும் நடுக. தளிர் முற்றும் உதிர்ந்ததாயினும் உடனே எறிதல் தகாது. பட்டையை நகத்தாற் கீறி, உள்ளே பசுமை தோன்றின் இன்னுமொரு திங்கள் பொறுத்திருக்கலாம்.