பீர் கம்பெனிகளின் கள்ளக்கூட்டு: முதலில் ஓடி வந்தவர் தப்பினார்!

பீர் விலை ஏறினால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். இந்தப் பக்கமும் பீருக்கு வக்காலத்து வாங்கவில்லை! ஆனால் நாலு பங்கு கையில் வைத்திருப்பவருக்கு இந்தக் கதையில் விஷயம் இருக்கிறது.

பல மாநிலங்களில் பீர் விலையைக் கம்பெனி இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. எக்சைஸ் இலாகாவிடம் மனுப் போட்டு, "இவ்வளவு வேண்டும்" என்று கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டால் அது போட்டி. இவர்களோ கேட்பதற்கு முன்பே தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள்! உற்பத்தியாளர் சங்கமே அதற்கு மேடை. கிங்பிஷர் தயாரிக்கும் யுனைடெட் புரூவரீசும் எஸ்.ஏ.பி. மில்லரும் 2009-ல் தொடங்கின. 2012-ல் கார்ல்ஸ்பெர்க் சேர்ந்தது. ஆந்திரா, கர்நாடகம், மராட்டியம், டெல்லி என்று நீளும் பட்டியலில் பக்கத்துப் புதுச்சேரியும் உண்டு.

காட்டிக் கொடுத்தது யார்?

2016-ல் எஸ்.ஏ.பி. மில்லரை ஏ.பி. இன்பெவ் வாங்கியது. கம்பெனியோடு பழைய பாவமும் சேர்ந்து வந்தது. 2017-ல் அது தானே இந்தியப் போட்டி ஆணையத்திடம் போய் உண்மையைக் கக்கியது. 2018 அக்டோபரில் திடீர் சோதனை. அதன்பிறகு மற்ற இருவரும் வழிக்கு வந்தார்கள்.

2021 செப்டம்பரில் உத்தரவு வந்தது. யுனைடெட் புரூவரீசுக்கு சுமார் ரூ.752 கோடி அபராதம். கார்ல்ஸ்பெர்க்குக்கு சுமார் ரூ.121 கோடி. ஒத்துழைத்ததற்காக 40, 20 சதவீதம் தள்ளுபடி போகத்தான் இந்தத் தொகை! முதலில் சொன்னவருக்கோ ஒரு பைசா அபராதம் இல்லை. 2022 டிசம்பரில் அப்பீல் தீர்ப்பாயமும் இதை உறுதி செய்தது.

கூட்டாளியை விட்டுவிடுவது நியாயமா? கசக்கத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே இருப்பவன் வாய் திறக்காமல் இந்த மாதிரி ரகசியம் வெளியே வருவது கஷ்டம்.

யார் தலையில் விடியும்?

கம்பெனிக்குப் போடும் அபராதம் பங்குதாரர் பணம்தான். பீர் வழக்கில் அதிகாரிகளுக்கும் தனித்தனியே அபராதம் விழுந்தது. பொறுப்பில் இருந்தவர் "எனக்குத் தெரியாதுங்க" என்று வாயால் சொன்னால் போதாது. தெரியாது என்பதையோ, தடுக்க முழு முயற்சி எடுத்ததையோ அவரேதான் நிரூபிக்க வேண்டும். கணக்குப் புத்தகத்துக்கு ஆடிட்டர் உண்டு. சேல்ஸ் மேனேஜர் சங்கக் கூட்டத்தில் யாரிடம் என்ன பேசினார் என்று எத்தனை டைரக்டர்கள் கேட்கிறார்கள்?

இனி கேட்காமல் இருக்க முடியாது. முன்பெல்லாம் தப்பு நடந்த சரக்கின் விற்பனையை வைத்துத்தான் அபராதம் கணக்கிட்டார்கள். 2023 சட்டத் திருத்தத்தின்படி, 2024 மார்ச் முதல், அபராதத்தின் உச்சவரம்புக்கு எல்லாச் சரக்கும் சேர்ந்து உலகம் முழுவதும் நடந்த மொத்த விற்பனையே கணக்கு.