எது நம் பண்பாடு?



சென்ற வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "டீச்சர், வெள்ளைக்காரன் மதத்தைப் பரப்பின நம்ம ஆட்களாலதானே நம்ம பண்பாடு போச்சு?" கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை எடுத்துக்கொள்வோம். ('பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு.) 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ் அவரைத் தஞ்சைக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். சரபோஜி மன்னரும் அதே சுவார்ட்ஸின் மாணவர்தான்.

சாஸ்திரியார் தமிழை விட்டுவிட்டாரா? இல்லை. 1800இல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குற்றாலக் குறவஞ்சியில் வருவதுபோல் அதிலும் குறத்தியும் சிங்கனும் வருகிறார்கள். பிறகு வந்த இளைய மிஷனரிகள் கோயிலில் தமிழ்ப் பாட்டு வேண்டாம், கல்யாணத்தில் பூமாலை வேண்டாம் என்றபோது எதிர்த்து எழுதினார். அதனால் மிஷன் வேலையே போனது. மன்னர்தான் ஆதரித்தார்.

இதுவரை படித்துவிட்டுக் கை தட்டாதீர்கள். அதே மிஷனரிகள், எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார வேண்டும், நற்கருணையில் ஒரே பாத்திரத்தில் பருக வேண்டும் என்றார்கள். சாஸ்திரியார் அதையும் எதிர்த்தார். பூமாலையும் நம் வழக்கம், தனித்தனியாக உட்காருவதும் நம் வழக்கம் என்பது அவர் வாதம். 1833இல் பிஷப் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று உத்தரவிட்டபோது தஞ்சையில் பெரிய எதிர்ப்பு எழுந்தது.

பாட்டு விஷயத்தில் சாஸ்திரியார் செய்தது சரி. சாதி விஷயத்தில் தவறு. அந்நியன் சொன்னான் என்பதற்காக ஒரு நியாயம் அநியாயமாகிவிடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் சில பிள்ளைகள் மட்டும் கையை ஏந்தித்தான் தண்ணீர் குடிப்பார்கள். டம்ளரைத் தொடக்கூடாது. கேட்டதற்கு, "இந்த ஊர் வழக்கம் டீச்சர்" என்றார்கள். ஒரு மாதம் நானும் பேசாமல் இருந்தேன். பிறகுதான் என் டம்ளரை எடுத்து அவர்களிடம் கொடுத்தேன். அந்த ஒரு மாதம் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே தம்பி, பண்பாடு போயிற்றா என்று கேட்கும் முன் எது போயிற்று என்று பாருங்கள். சாஸ்திரியாரின் பாட்டுகள் போகவில்லை, இன்றும் தமிழ்க் கோயில்களில் பாடுகிறார்கள். போக வேண்டியதுதான் இன்னும் முழுதாகப் போகவில்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். மரியாதையாக எழுதினால் பதில் சொல்வேன்.