காமன் கூத்தும் கனவான்களின் கைதட்டலும்

ஹாலிஎலவிலிருந்து நண்பர் ஒருவர் அழைத்தார். விழா மேடையொன்றில் காமன் கூத்துக்குப் பதினைந்து நிமிடங்கள் ஒதுக்கினார்களாம். நம் கலைக்கு மதிப்பு வந்துவிட்டதென்று அவருக்குப் பெருமகிழ்ச்சி. எனக்கு வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், கோபிப்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

நம் தோட்டங்களுக்குப் பெயரிட்ட துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். அக்கரப்பத்தனையின் பல்மோரலும் கிளாஸ்கோவும் அவர்கள் நாட்டுப் பெயர்களே. அந்நாட்டில் இன்றும் ஆண்டுதோறும் மலைநாட்டு விழாக்கள் நடக்கின்றன. நெடுமரத்தைத் தூக்கி எறிவார்கள், பைக்குழல் ஊதுவார்கள், தரையில் கிடத்திய வாள்களிடையே ஆடுவார்கள். 1848இல் பிரேமார் விழாவுக்கு விக்டோரியா மகாராணியே வந்தார். 'வெள்ளைக்காரன் தன் மரபை எப்படிப் போற்றுகிறான் பாருங்கள்' என்று நம்மவர்கள் வியப்பதுண்டு.

வியப்பவர்கள் மறுபாதியையும் கேட்க வேண்டும். அதே மலைமக்களின் உடையை 1746ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது; 1782இல்தான் தடை நீங்கியது. பின்னர், ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலப்பிரபுக்கள் குடிகளை வெளியேற்றினார்கள். 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகள் கொளுத்தப்பட்டன. குடிகளை விரட்டிய அதே வர்க்கம், பிற்பாடு அவர்களின் கட்டம்போட்ட உடையை அணிந்து விழாக்களுக்குப் புரவலராக அமர்ந்தது. விழா தழைத்தது, பள்ளத்தாக்குகள் வெறிச்சோடின.

நம் கதை வேறா? மாசியில் காமன் நட்டு, ரதியும் மதனும் ஆடி, சிவனின் நெற்றிக்கண்ணில் மதன் எரியும் இரவில் தோட்டமே கூடும். சிறுவயதில் கம்பளி போர்த்தியபடி விடியவிடியப் பார்த்தவன் நான். 1948இல் எம்மவரின் குடியுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தத்தின்பின் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். கூத்தாடியவர்களும் அவர்களோடு போனார்கள். அப்போது நம் மரபைப் பற்றி எந்தக் கனவானும் கவலைப்படவில்லை.

இன்று அமைச்சர் வந்தால் தப்பு வேண்டும். தப்படிப்பவர் தம் லயக் காம்பராவுக்கு உறுதிப்பத்திரம் கேட்டால் மட்டும் 'பார்க்கலாம்' என்கிறார்கள். நம்மவர்கள் மட்டும் யோக்கியமா? மேடையில் அவரை மரபின் காவலர் என்று புகழ்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் சாதி பார்த்து வாசலில் நிறுத்துகிறவர்கள் இல்லையா?

மேடையும் இல்லாவிட்டால் கூத்து அழிந்துபோகுமே என்பார்கள். மேடை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. காமன் நடுவதற்குத் தோட்டத்தில் ஓரிடமும், ஆடுபவனுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் வேண்டும் என்கிறேன். அவற்றைக் கேட்காமல் பதினைந்து நிமிடங்களுக்குக் கைதட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை, நண்பரே.