விடுமுறையைப் பறிக்காதீர்!

அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. மார்கழிப் பனியிலே பள்ளிக் கதவுகள் அடைபட்டுவிட்டன. பிள்ளைகளுக்கு விடுமுறை என்கிறார்கள். விடுமுறையா அது? பை நிறைய வீட்டுப்பாடம், காலையிலே டியூஷன், மாலையிலே, "விட்டுப்போன பாடத்தை எடு" என்ற அதட்டல். ஆசையோடு ஒரு கதைப் புத்தகத்தை விரித்தாலோ, "இதைப் படித்தால் மார்க் வருமா?" என்ற கேள்வி பாய்ந்து வருகிறது. வராது. வர வேண்டியதுமில்லை என்பதே நமது பதில்!

விருதுநகர் மாவட்டத்திலே இதைச் சொல்லத் தனிக் காரணமும் உண்டு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தின் கந்தக மண்ணிலே, பிள்ளைகளின் நேரம் பிள்ளைகளுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. விடியுமுன்னே கம்பெனி வண்டி ஊர் ஊராய் வந்து நிற்கும்; தூக்கம் கலையாத குழந்தைகளை ஏற்றிச் செல்லும்; தீக்குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட! 1980-களிலே நாடே தலைகுனிந்த கதை அது. 1986-ல் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10-ல், சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கிலேதான், வேலைக்கு வைத்தவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டுமென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-ல் வந்த திருத்தம் பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. நல்லது. ஆனால் அதே திருத்தம் ஒரு சந்தையும் விட்டு வைத்தது: அபாயமில்லாத குடும்பத் தொழிலிலே, பள்ளி நேரம் போகவும், விடுமுறையிலும், பிள்ளை உதவலாமாம்!

ஆக, சட்டத்தின் ஓட்டை இருக்குமிடம் இந்த விடுமுறைதான். திண்ணையிலே கூலி வேலை குவிந்து கிடக்கும்போது, "ஒரு கை கொடு, கண்ணு" என்று தாய் அழைத்தால், அது வறுமையின் குரல். அந்தத் தாயைக் குறை சொல்ல நாம் வரவில்லை. கூலி உயர்ந்தால் அந்தக் குரல் தானாக அடங்கும். ஆனால், வறுமையும் இல்லாமல், மார்க் ஒன்றுக்காக விடுமுறையைப் பறிக்கிறார்களே, அவர்களைக் கேட்கிறோம்: பாடுபட்டு மீட்ட நேரத்தை எதற்காகத் திரும்பப் பிடுங்குகிறீர்கள்?

நாட்காட்டியும் டைரியும் நோட்டுப் புத்தகமும் அச்சடித்து நாட்டுக்கெல்லாம் அனுப்பும் ஊர் சிவகாசி. அங்கிருந்துதான் 1972-ல் முத்து காமிக்ஸ் புறப்பட்டது, இரும்புக்கை மாயாவியோடு! 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. அன்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பிள்ளைகளோ பூகோளப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்தார்கள். மறைத்துப் படித்தவர்கள் கெட்டா போனார்கள்? இன்று தாத்தாக்களாகிவிட்ட அவர்களிலே பலர் இன்னும் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறார்கள். அடுத்து என்ன ஆகுமோ என்று துடிக்கும் பிள்ளை, பிரம்பில்லாமல் நூறு பக்கம் போகும். அப்படிப் போன பிள்ளைக்குப் பாடப் புத்தகத்தின் பத்துப் பக்கம் மலையாகத் தெரியாது.

2022-ல் அரசு 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று பள்ளிச் சிறார்களுக்கே இதழ்கள் தொடங்கியது. 2023-ல் வாசிப்பு இயக்கம் வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளிலே சின்னஞ்சிறு நூல்கள். பாராட்டுகிறோம். ஆனால் பள்ளி பூட்டினால் பீரோவும் பூட்டிக் கிடக்கலாமா? ஆளுக்கு இரண்டு நூல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பட்டுமே! கிழிந்து வந்தால் வரட்டும். கிழிந்தது என்றால் யாரோ படித்தார்கள் என்றுதானே பொருள்? கொடுத்துவிட்டு, "கதைச் சுருக்கம் எழுதி வா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஆசிரியப் பெருமக்களே! சிரித்துப் படித்த கதையும் அன்றோடு பாடமாகிவிடும்.

நூலகத் துறைக்கும் ஒரு சொல். 1948-லேயே நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் மக்கள் கட்டுகிறார்கள். அந்த உரிமையோடு கேட்கிறோம்: அரையாண்டு விடுமுறை முடியும்வரை கிளை நூலகங்களின் சிறுவர் பகுதியை நாள் முழுதும் திறந்து வையுங்கள். சந்தா கேட்காமல், பள்ளி அடையாள அட்டையைப் பார்த்து நூல் கொடுங்கள்.

விருதுநகர், வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டிப் பள்ளி நடத்திய ஊர். சோற்றரிசியிலே ஒரு பிடி எடுத்து வைத்த வீடுகளுக்கு, அலமாரியிலே தூங்கும் ஒரு கதைப் புத்தகம் பெரிதா? நம் தோழர்கள் நடத்தும் படிப்பகங்களிலே நாளேடு உண்டு, வார ஏடு உண்டு. பிள்ளைகளுக்கென்று ஒரு பலகை இல்லை. நாளையே ஒரு பலகையை அடித்து மாட்டட்டும், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்திலே. வீடு வீடாகச் சென்று புத்தகங்களை வாங்கி வந்து அடுக்கட்டும். பள்ளி திறக்கும் நாளுக்குள் செய்ய வேண்டிய வேலை இது.