செவிக்கும் தீண்டாமையா?

தீண்டாமை கோவில் வாயிலோடும் குளத்தங்கரையோடும் நின்றுவிட்டதென்று எண்ணுவோர் ஏமாந்தவரே ஆவர். அது நம் செவிக்குள்ளும் புகுந்து குடியிருக்கின்றது. "மேனாட்டு வாத்தியக் குழுவின் சங்கீதம் துரைமார்க்கும் ஆங்கிலம் படித்தார்க்கும் உரியது, தோட்டத்துப் பாட்டாளிக்குத் தப்பு மேளமும் சினிமாப் பாட்டுமே போதும்" என்று குளுவாங்கில் கற்றறிந்த அன்பரொருவர் என்னிடம் கூசாது கூறினார். மற்றொரு சாராரோ, "நம் சங்கீதம் இருக்க, அன்னியன் ஆட்டத்துக்கு அடித்த மேளம் நமக்கெதற்கு?" என்கின்றனர். முன்னவர் வேலி போடுகிறார். பின்னவர் அவ்வேலிக்குக் காவல் நிற்கிறார். இருவர்க்கும் ஒரு பழைய இசைத்தட்டைக் கொண்டே விடை கூறுவோம்.

ருஷ்ய நாட்டு சைக்கோவ்ஸ்கி 1892-இல் இயற்றிய 'நட்கிராக்கர்' என்னும் பாலே நாட்டியத்தின் இசைக்கோவையை, 1909-இல் ஓடியன் கம்பெனியார் நான்கு தட்டுகளில், எட்டுப் பக்கங்களாக வெளியிட்டனர். வாசித்தது ராஜசபைக் குழுவன்று. லண்டன் 'பாலஸ்' தியேட்டரில் ஹெர்மன் ஃபிங்க் நடத்திய குழுவே அது. பெயர்தான் அரண்மனை, இடமோ கோமாளியும் வித்தைக்காரனும் ஏறி ஆடிய கொட்டகை. சீட்டு வாங்கிய எவனும் அங்கே உட்காரலாம்.

ஒலிவாங்கி கொண்டு பதியும் முறை 1925-இல்தான் வழக்குக்கு வந்தது. அதற்கு முன்னர் வாசிப்போர் யாவரும் பெரியதொரு கூம்புக் குழலின்முன் நெருங்கி அமர்வர். ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். ஆகையால் அக்காலத் தட்டுகளில் தாழ்ந்த நாதம் மங்கும், வயலின் மெலியும், இரைச்சல் மேலோங்கும். அவ்விரைச்சலைப் பொறுத்துச் செவி கொடுப்போர்க்குப் பலன் உண்டு. அக்கோவையில் 'அரபு நடனம்' எனப்படும் பகுதி உண்மையில் ஜார்ஜிய நாட்டுத் தாலாட்டொன்றின் மெட்டில் எழுந்தது. கீழே ஒரே நாதம் விடாது ஒலித்துக்கொண்டிருக்க, அதன்மேல் மெட்டு தொட்டிலைப் போல மெல்ல அசைகின்றது. ஒத்து ஊதுவோனின் ஓசைமேல் நாகசுரம் தவழக் கேட்டு வளர்ந்த தமிழனுக்கு இஃது எங்ஙனம் அன்னியமாகும்?

துரைமார்க்கே உரியது என்போரைக் கேட்கிறோம்: அந்நாளைய தட்டு எதனால் ஆயது? அரக்கினால் ஆயது! அந்த அரக்கில் பெரும்பங்கு இந்தியக் காடுகளிலிருந்தே சென்றது. சோட்டா நாகபுரியின் பழங்குடி மக்கள் மரக்கிளையிலிருந்து சுரண்டிச் சேர்த்த பொருளே உலகத்துப் பங்களாக்களில் சுழன்று பாடிற்று. ரப்பர்ப் பால் நம் கையினின்று சென்று அவன் மோட்டாருக்குச் சக்கரமானது போன்ற கதையே இதுவும். உழைப்பு நம்முடையது, கேட்கும் உரிமை மட்டும் அவனுடையதா? அதே ஓடியன் கம்பெனியின் தட்டுகளே 1930-களில் சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாயிலாகத் தமிழ்ப் பாட்டையும் வீடுதோறும் கொணர்ந்தன என்பதையும் மறக்கவேண்டா.

அன்னியம் என்று வெறுப்போரோ நம் சரித்திரத்தையே அறியாதவர். முத்துசாமி தீட்சிதர் மேனாட்டு பாண்டு மெட்டுகளுக்குச் சாகித்தியம் அமைத்தார். வயலினை நம் சங்கீதத்தில் நிலைநிறுத்தியோருள் ஒருவர் தஞ்சை நால்வருள் வடிவேலு. அவர் பிறந்ததோ நட்டுவனார் குலம். சதிர்க் கச்சேரியின் சின்னமேளத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கிளாரினெட் ஒலித்தது. ஆட்டத்துக்கு வாசித்தவர்களே அன்னிய வாத்தியத்தை அஞ்சாது கையிலெடுத்தார்கள். அவர்களுடைய சந்ததியார் கேட்பதற்கும் அஞ்சுவதா?

ஆட்டத்து மேளம் இழிவு என்பது மற்றொரு மயக்கம். பாரிஸ் ஆப்பராவில் ஆடிய ஏழைப் பெண்களைச் செல்வச் சந்தாதாரர்கள் போகப் பொருளாக நடத்திய காலமும் உண்டு. பின்வந்தோர் அவ்விழிவைக் கழித்து, இசையையும் அதை இயற்றினோர் பெயரையும் போற்றிக் காத்தனர். நம்மிடத்திலோ பொட்டுக்கட்டும் கொடுமையை 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. அது மிகமிக நன்று. ஆனால் சதிருக்கு வாசித்த மேளக்காரரில் எத்தனை பேரின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியும்? தீமையை ஒழிப்பதே சீர்திருத்தம். இசையையும் உடன் புதைப்பது மூடத்தனம்.

இன்று கிராமபோன் பெட்டி வாங்கவும் வேண்டுவதில்லை. 1923-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுச் சொத்தாகிவிட்டன. பழந்தட்டுகள் பல கைப்பேசியிலேயே காசின்றிக் கிடைக்கின்றன. ஆகவே குளுவாங் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளும் இளைஞர் மன்றங்களும் வாரம் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குக. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியையும் சைக்கோவ்ஸ்கியின் தாலாட்டையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்க. பிள்ளைகள் கேட்கட்டும், ஒப்பிடட்டும், வேண்டுமாயின் வெறுக்கட்டும். பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை கேட்டவனுக்கு உண்டு. கேளாதே என்று தடுக்கும் உரிமை எவனுக்கும் இல்லை!